பழப்புளி போட்டு மினுக்கிய பேணி

அன்று விடிய ஐந்தரைக்கு எழும்பி, தேத்தண்ணிக் கோப்பையோடு முன் அறைக்குள் போனால், மேசையில் என் மூக்குப்பேணி, குடிக்கிறதுக்கு மூக்கு வைத்த பாத்திரம், மினுங்கிக்கொண்டு நிற்கிறது. ஒன்பது நாட்களாக நான் வரைந்துகொண்டிருந்தது கறுத்துக் களிம்பேறி, திட்டுத் திட்டாகப் பாசி நிறம் படர்ந்த ஒரு பழைய பித்தளைப் பேணியை. இப்போது அந்த இடத்தில் நேற்றுத்தான் கடையிலிருந்து வாங்கி வந்தது போல ஒன்று.

"அம்மா, பேணியை என்ன செய்தனீங்கள்?"

குசினிக்குள் இருந்து பதில் வந்தது. "வாற கிழமை அப்பான்ரை திவசமெல்லோ. எல்லாத்தையும் பழப்புளி போட்டு மினுக்கினனான். அது மட்டும் ஊத்தையாக் கிடந்துது. எடுத்த இடத்திலையே திருப்பி வைச்சிட்டன், பார்."

உண்மைதான். மேசையில் நான் சோக்கால் போட்டிருந்த வட்டத்துக்குள்ளேயே வைத்திருந்தார். மூக்குக்கூட முன்பு பார்த்த திசையைத்தான் பார்த்தது. அவ்வளவு கவனமாக வைத்த மனுசியை என்னவென்று ஏசுவது?

நான் பாடசாலையில் சித்திரம் படிப்பித்தவன். முப்பது வருடத்துக்கு மேல், மேசையில் ஒரு பானையும் இரண்டு பழமும் ஒரு துணியும் வைத்து "பார்த்துக் கீறுங்கோ" என்று பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். சொல்லிக் கொடுக்கிறவனுக்குத் தான் இருந்து ஒரு படத்தை முடிக்க நேரம் கிடைப்பதில்லை. ஓய்வு பெற்ற பிறகுதான் ஒன்றையாவது ஒழுங்காக முடிப்போம் என்று இறங்கினேன். அசையாப் பொருள் ஓவியம், ஸ்டில் லைஃப் என்று சொல்வார்களே, அதுதான். இயற்கைக் காட்சிக்கு வெயிலில் நிற்க வேண்டும், உருவப்படத்துக்கு ஆள் வேண்டும். இதற்கு ஒரு மேசை போதும் என்று நினைத்தேன். அந்த நினைப்பு எவ்வளவு பிழை என்பதையும், பிழை விட்டு விட்டுத் தெரிந்துகொண்டதையும் தொடங்குகிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

முதல் நாள் செய்த பிழை பேராசை. அலுமாரியைத் திறந்து எல்லாவற்றையும் மேசையில் பரப்பினேன். மூக்குப்பேணி, குட்டான் என்கிற சின்ன ஓலைப்பெட்டியோடு பனங்கட்டி, பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டி, வெற்றிலைத் தட்டம், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் வாங்கிய கறுத்தக்கொழும்பான் மாம்பழம் மூன்று. அதோடு ஒரு ஜாம் போத்தில் விளக்கு. 1990இல் போரால் மின்சாரம் நின்றுபோய் மண்ணெண்ணெய்யும் தட்டுப்பாடான பிறகு, யாழ்ப்பாணத்தில் வீட்டுக்கு வீடு எரிந்தது இதுதான். போத்திலுக்குள் கொஞ்சம் பஞ்சு, அது நனையுமளவு எண்ணெய், ஒரு திரி. அந்த வெளிச்சத்தில் நான் கொப்பி திருத்தியிருக்கிறேன். எப்படி அதை விட்டுவிட மனம் வரும்?

பரப்பி வைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தால் சுற்றுலாத்துறை அடிக்கும் சுவரொட்டி போல இருந்தது. ஒவ்வொரு சாமானும் தன் கதையைச் சொல்ல முந்திக்கொண்டு நின்றது. கதைகள் இருந்தன, படம் இல்லை. பொருளை நாங்கள் தெரிவு செய்வது பெரும்பாலும் அதன்மேல் உள்ள பாசத்தால். கண்ணுக்கு அந்தப் பாசம் தெரியாது. அது வெளிச்சத்தையும் இருட்டையும் வடிவத்தையும் மட்டும் பார்க்கிறது.

அதனால் ஒவ்வொன்றாக எடுக்கத் தொடங்கினேன். நீத்துப்பெட்டி போனது, தட்டம் போனது. பனங்கட்டியை எறும்பு வந்து எனக்காக எடுத்து வைத்தது. விளக்கை எடுக்கத்தான் இரண்டு நாள் பிடித்தது. கண்ணாடிப் போத்தில் எந்தப் பக்கத்தில் நின்றாலும் பார்வை நேரே அதற்குத்தான் போனது. அது தனியாக ஒரு படம் கேட்கிற சாமான், கூட்டத்தில் நிற்காது. எடுத்து அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டேன்.

தூரிகையைத் தொடும் முன் செய்த ஒரு வேலைதான் என்னைக் காப்பாற்றியது. தீப்பெட்டி அளவில் சின்னச் சின்னக் கட்டங்கள் போட்டு, ஒவ்வொன்றிலும் மேசையை மூன்றே தரத்தில் கீறிப் பார்ப்பது. வெளிச்சம், இடை, இருட்டு, அவ்வளவுதான். விவரம் ஒன்றும் வேண்டாம். கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு பார்த்தால் அந்த மூன்று தரம்தான் தெரியும். பன்னிரண்டு கட்டம் கீறினேன். பன்னிரண்டிலும் ஒரே குறை. பேணியும் மாம்பழமும் இரண்டுமே இடைத்தரம், பின்சுவர் வெளிச்சம், இருட்டுக்கு ஆள் இல்லை. ஆழமான இருட்டு ஓரிடத்திலாவது இல்லாவிட்டால் படம் வெளிறித்தான் கிடக்கும்.

கறுப்பாக ஒன்று தேடி வீட்டைச் சுற்றினேன். கரிச்சட்டி பெரிது. அப்பாவின் குடைப்பிடி நீளம். குசினிக்குப் பின்னால் விறகோடு கிடந்த ஒரு சிரட்டை அகப்பட்டது. கழுவி, வாய் மேலே பார்க்க வைத்தேன். சரியாக இருந்தது. வெளியே சொரசொரப்பு, உள்ளே குழிந்து இருட்டைப் பிடித்து வைத்திருக்கிறது. பேணியின் வழுவழுப்பு அதற்குப் பக்கத்தில் இன்னும் கூடித் தெரிந்தது.

அம்மா அப்போதுதான் வந்து பார்த்தார். அவருக்கு எண்பத்திரண்டு வயது. எதையும் பார்த்தவுடன் கருத்துச் சொல்லாமல் போகமாட்டார். அன்று கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்.

"சிரட்டையை ஏன் பேணிக்குப் பக்கத்திலை வைச்சனீ?"

"கறுப்பா ஒண்டு வேணும் அம்மா. அதுக்குத்தான்."

"எங்கடை ஐயா வீட்டிலை பேணி அலுமாரிக்குள்ளை இருக்கும். சிரட்டை வேலிக் கதியாலிலை செருகி இருக்கும்." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

எனக்குத் தெரியாத விசயம் இல்லை. மூக்குப்பேணிக்கு அந்த மூக்கு இருப்பதே உதட்டில் படாமல் அண்ணாந்து குடிப்பதற்காக. யாருக்குப் பேணியில் கொடுப்பது, யாருக்குச் சிரட்டையில் வார்ப்பது என்று சாதி பார்த்த முற்றங்கள் இந்த ஊரில் இருந்தன. என் பாட்டனாரின் முற்றமும் அதில் ஒன்று. ஆனால் அந்த நேரம் நான் இருட்டைத்தான் தேடினேன், வரலாற்றை அல்ல. கண்ணின் தேவைக்காக வைத்த சாமான் அம்மா சொன்ன பிறகு வேறொன்றாகிவிட்டது. அதற்குப் பிறகு அதை எடுக்கவும் முடியவில்லை.

இங்கே தொழில் சார்ந்த ஒரு சங்கதி. இரண்டு பொருட்களின் விளிம்பு ஒன்றையொன்று மெல்லத் தொட்டுக்கொண்டு நிற்கக்கூடாது. தொட்டால் எது முன்னே எது பின்னே என்று கண் குழம்பும், அந்தப் புள்ளியிலேயே பார்வை சிக்கிக்கொள்ளும். ஒன்றில் ஒன்றை மற்றது நன்றாக மறைக்க வேண்டும், அல்லது இடைவெளி விட வேண்டும். நான் பேணிக்கும் சிரட்டைக்கும் நடுவில் இரண்டு விரல் அகலம் விட்டேன். அந்த இடைவெளியில் விழுந்த ஒடுக்கமான வெளிச்சக் கீற்றைக் கீறத்தான் இந்தப் படத்தில் ஆகக் கூடிய நேரம் போனது.

சாமான்களின் இடம் முடிவானதும் சோக்கால் சுற்றி அடையாளம் போட்டுவிடுங்கள். இத்தாலியின் பொலோஞ்ஞா நகரில் வாழ்நாள் முழுக்கப் போத்தில்களையும் சாடிகளையுமே வரைந்துகொண்டிருந்த ஜோர்ஜோ மொராண்டி (1890–1964) மேசைக் கடதாசியில் அப்படித்தான் அடையாளம் வைத்திருந்தார். மினுக்கம் பிடிக்காமல் சில போத்தில்களுக்கு மங்கலான வர்ணம் பூசி வைத்தார், மற்றவற்றில் தூசி படிய விட்டார். அந்தத் தூசியை யாரும் துடைக்கவில்லை. அவரும் சகோதரிகளோடு ஒரே வீட்டில்தான் இருந்தார் என்பதை நினைக்க எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது.

அடுத்தது வெளிச்சம். ஓவியப் புத்தகம் எதைத் திறந்தாலும் வடக்கு யன்னல் என்று இருக்கும். வடக்கில் நேர் வெயில் வராது, வெளிச்சம் நாள் முழுக்க ஒரே மாதிரி நிற்கும் என்பார்கள். எங்கள் முன் அறைக்கு வடக்கு யன்னல்தான். பிள்ளைகளுக்கும் இதையே சொல்லியிருக்கிறேன். ஆனால் காலை எட்டு மணிக்கு மாம்பழத்தின் மேல் ஒரு வெயில் கீற்று வந்து குந்திக்கொண்டிருந்தது. முதலில் ஏதோ கண்ணாடியில் பட்டுத் தெறிக்கிறது என்று நினைத்தேன். பிறகுதான் உறைத்தது. அந்தப் புத்தகங்களை எழுதியவர்கள் இருந்த ஊர்களில் பகலின் பெரும்பகுதி சூரியன் வருடம் முழுக்கத் தெற்குப் பக்கம்தான். யாழ்ப்பாணம் இருப்பதோ வட அகலாங்கு ஒன்பது பாகையும் சொச்சத்திலும். இங்கே சித்திரை பிறக்கிறபோது உச்சிக்கு வரும் சூரியன், பிறகு வடக்கே சாய்ந்து, ஆவணி நடுவில்தான் திரும்புகிறது. கறுத்தக்கொழும்பான் சந்தைக்கு வருகிற வைகாசி, ஆனியில் வடக்கு யன்னல் வெயில் யன்னல்.

ஆனாலும் ஒரு வசதி இருக்கிறது. நடுப்பகலில் சூரியன் மிக உயரத்தில் நிற்பதால் தாழ்வாரம் அதை மறைத்துவிடும். காலையிலும் பின்னேரமும்தான் சாய்வாக உள்ளே வரும். அதனால் பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை என்று வேலை நேரத்தை வைத்துக்கொண்டேன். அப்பாவின் பழைய வேட்டியை இரண்டாக மடித்து யன்னலில் கட்டினேன். வெளிச்சம் பால் போல இறங்கியது. வேட்டி சோளகக் காத்துக்கு ஆடும்போது நிழலும் ஆடும். அதற்குக் கீழே இரண்டு கல் கட்டித் தொங்கவிட்டேன்.

நிழலின் நிறம் பற்றியும் ஒன்று. "நிழல் என்றால் நீலம்" என்று பாடமாக்கி வைத்திருக்கிறோம். வெயிலில் அது சரி. அறைக்குள் வருவது வானத்தின் குளிர்ந்த வெளிச்சம் என்றால் நிழல் மண்ணிறத்துக்குப் போகும், சூடாகத் தெரியும். எங்கள் அறையில் நிலம் சிவப்புச் சீமெந்து. அந்தச் சிவப்பு மேலே எழும்பி எல்லாவற்றின் அடியிலும் ஒட்டியிருந்தது. பாடமாக்கினதை நம்பி நான் நீலம் கலந்திருந்தால் மாம்பழம் மேசையில் இல்லாமல் வேறெங்கோ மிதந்திருக்கும்.

வரைகோட்டில் சொல்ல வேண்டியது பேணியின் வாய் ஒன்றுதான். வட்டமான வாய் சாய்வாகப் பார்க்கும்போது நீள்வட்டமாகிறது. அதன் இரண்டு அந்தத்தையும் மீன் வாய் மாதிரிக் கூராக்காத பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை. எவ்வளவு ஒடுக்கமானாலும் அந்தம் வளைந்துதான் திரும்பும், கூர் வரவே வராது. அடுத்த பிழை அடிப்பக்கம். மேசையில் நேராக நிற்கிறது என்று நினைத்து அடியை நேர்கோடாகப் போட்டுவிடுவார்கள். கண் மட்டத்திலிருந்து கீழே போகப் போக நீள்வட்டம் அகலும். ஆகவே அடியின் வளைவு வாயின் வளைவை விடக் கூட இருக்கும். நடுவில் ஒரு நிமிர்கோடு போட்டு இரண்டு பக்கத்தையும் அளந்துகொண்டால் பாதிச் சிக்கல் தீரும். கீறி முடித்ததும் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியில் படத்தைத் திருப்பிப் பாருங்கள். கண் பழகிப்போய் மன்னித்து விட்ட கோணல் அதில் தெரியும். பேணியின் மூக்கு நான் நினைத்ததை விட அரை அங்குலம் மேலே ஏறியிருந்ததைக் கண்ணாடிதான் காட்டிக்கொடுத்தது.

போனில் படம் எடுத்து அதைப் பார்த்து வரையலாமா என்று கேட்பார்கள். தரம் சரிபார்க்க, நிறத்தை எடுத்துவிட்டுக் கறுப்பு வெள்ளையில் பார்க்க நல்லது. அதற்கு மேல் நம்பக்கூடாது. கமெரா சிரட்டைக்குள்ளே ஒரு கறுப்பு ஓட்டையைத்தான் காட்டியது. நேரே பார்த்தால் அதற்குள் மூன்று மண்ணிறம் இருக்கிறது.

வர்ணத்தைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு நல்ல எண்ணெய் வர்ண டியூப் வாங்கக் கணக்குப் பார்க்காதவர் இங்கே இல்லை. எனக்கு ஒரு பாதி கொழும்பிலிருந்து, மறுபாதி வெளிநாட்டிலிருந்து வருகிற மருமகனின் சூட்கேசில். அதனால் ஆறு டியூப்தான். டைட்டேனியம் வெள்ளை, யெலோ ஓக்கர், லெமன் யெலோ, கட்மியம் சிவப்பு, அல்ட்ராமரீன் நீலம், பேர்ண்ட் அம்பர் என்கிற கடும் மண்ணிறம். கறுப்பு வாங்க வேண்டியதில்லை. அம்பரும் அல்ட்ராமரீனும் சேர்ந்தால் ஆழமான இருட்டு வரும். நீலம் கூடினால் குளிரும், அம்பர் கூடினால் சூடாகும், அது இரண்டும் கைவசம். ஹாட்போட் பலகையில் ஜெசோ என்கிற வெள்ளை அடிப்பூச்சு மூன்று தரம், பழைய கரும்பலகைத் தாங்கி. அவ்வளவுதான் என் பட்டறை.

முதல் பூச்சு அம்பர் மட்டும், டெர்பன்டைனில் நன்றாக இளக்கி. இருட்டைப் பூசிவிட்டு வெளிச்சத்தைச் சீலைத் துண்டால் துடைத்து எடுத்தேன். அம்பரில் மங்கனீஸ் இருப்பதால் கெதியாகக் காயும். எங்கள் வெக்கைக்கு அடுத்தநாளே கையில் ஒட்டவில்லை. மேலே வருகிற பூச்சுகளில்தான் எண்ணெயைக் கூட்ட வேண்டும். எண்ணெய் கூடின பூச்சு அடியில் கிடந்து மெல்ல மெல்லக் காய, மேலே உள்ள மெல்லிய பூச்சு முந்திக் காய்ந்தால் வெடிக்கும். துடைத்த சீலைத் துண்டுகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது சூடு கிளம்பும். குவிந்து கிடந்தால் நெருப்பு வைக்காமலே பற்றும். நான் வேலிக் கம்பியில் விரித்துக் காயப்போடுவேன். பக்கத்து வீட்டாருக்கு அது என்ன உடுப்பு என்று இன்னும் சந்தேகம்.

எதை முதலில் வரைவது? அழுகுகிறதைத்தான். பிரெஞ்சு ஓவியர் செசான் (1839–1906) அவ்வளவு மெதுவாக வரைந்ததால் பழங்கள் அழுகிப் போகும், பூ வாடிவிடும் என்று கடதாசிப் பூ வைத்து வரைந்த காலமும் உண்டு. பழம் சரியான கோணத்தில் சாய்ந்து நிற்க அடியில் நாணயம் வைப்பாராம். நானும் மாம்பழத்துக்குக் கீழே ஒரு ஐந்து ரூபாய்க் குற்றி வைத்தேன், நன்றாக நின்றது. மேசைக் கால் நான்கையும் தண்ணீர் ஊற்றிய ரின்பால் தகரப் பேணிகளுக்குள் இறக்கி எறும்பை நிறுத்தினேன். ஆனால் மாம்பழத்தை நிறுத்த முடியாது. முதல் நாள் காம்படியில் இருந்த கரும்பச்சை நான்காம் நாள் இளகிவிட்டது, வயிற்றுப் பக்கம் மஞ்சள் ஏறிவிட்டது. ஐந்தாம் நாள் வீடு முழுக்க மணம். ஆறாம் நாள் முடித்தேன். ஏழாம் நாள் மத்தியானம் சோற்றோடு சாப்பிட்டோம். சிரட்டையும் சுவரும் எங்கேயும் போகாது. பேணியும் போகாது என்றுதான் கடைசிக்கு வைத்திருந்தேன்.

சரி, மினுங்கிய பேணிக்கு வருவோம்.

ஒரு மணித்தியாலம் கதிரையில் சும்மா இருந்தேன். பழைய பேணியை நினைவில் வைத்து முடிக்கலாம் என்றால் பாசிப் பச்சையும் மண்ணிறமுமாய்ப் பாதி வேலை படத்தில் இருக்கிறது, போன் படமும் இருக்கிறது. ஆனால் பார்க்காததைப் பார்த்ததாகக் கீறினால் கை தன் வழக்கத்துக்கு ஓடும். எல்லாப் பேணியும் ஒரே பேணி ஆகிவிடும். வர்ணம் குழைக்கும் தட்டுக் கத்தியை எடுத்து ஈரமாக இருந்த பூச்சைச் சுரண்டினேன். அடியில் காய்ந்த அம்பர் அசையாமல் இருந்தது. அங்கிருந்து திரும்பத் தொடங்கினேன். திவசத்துக்கு ஏழு நாள்.

பித்தளை என்றவுடன் மஞ்சளை எடுக்கிறோம். பிள்ளைகள் தங்க நிறப் பேனை தேடுவார்கள். மினுக்கிய பித்தளையில் மஞ்சள் இருக்கிற இடம் மிகக் கொஞ்சம். அதன் வயிறு குவிந்த கண்ணாடி. முழு அறையையும் சுருக்கி உள்ளே வைத்துக்கொள்கிறது. பேணியை மறந்துவிட்டு அதற்குள் என்ன இருக்கிறது என்று மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வந்தேன். வில்லாக வளைந்த யன்னல், அதில் அப்பாவின் வேட்டி. நடுவில் நானும் பலகையும் சேர்ந்த கறுத்த கட்டை உருவம். வலப்பக்கம் சிரட்டை, மெல்லிய இருட்டுப் பட்டையாக. அடியில் சீமெந்தின் சிவப்பு ஒரு வளையம். பழைய மாம்பழத்துக்குப் பதில் ஒரு காய் வைத்திருந்தேன், அது இடப்பக்கத்தில் பச்சைத் துளி. அவ்வளவையும் அதனதன் நிறத்தில் போட்டுக்கொண்டு போனால் பித்தளை தானாக வந்துவிடுகிறது. ஓக்கரில் கொஞ்சம் நீலம் சேர்த்த பச்சைச் சாயல் மஞ்சள், அம்பர் இருட்டு, இரண்டும் இடையில் குழையாமல் வெட்டினது போல நிற்க வேண்டும். மண்பானையில் இருட்டு மெல்ல மெல்ல வெளிச்சமாகும். உலோகத்தில் அந்தப் பொறுமை கிடையாது, பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். வெள்ளைப் பொட்டு கடைசியில், இரண்டோ மூன்றோ. நாலாவது வைத்தால் தகரமாகிவிடும்.

பேணியின் தோளில் ஒரு நெளிவு இருக்கிறது. 1995 ஒக்டோபர் கடைசியில் போர் நெருங்கி, யாழ்ப்பாண நகரும் சேர்ந்த வலிகாமப் பகுதிச் சனம் முழுக்க இடம்பெயர்ந்து வெளிக்கிட்டபோது, அம்மா பித்தளைச் சாமான் எல்லாவற்றையும் சாக்கில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கிவிட்டுத்தான் வந்தார். அடுத்த வருடம் திரும்பி வந்து எடுத்தபோது பேணி நெளிந்திருந்தது. களிம்பு ஏறியிருந்த வரைக்கும் அந்த நெளிவு எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை, ஒரு மங்கல் நிழலாகத்தான் போட்டிருந்தேன். மினுக்கிய பிறகு பார்த்தால் யன்னலின் வில் அந்த இடத்தில் முறிந்து இரண்டாகிறது. முறிந்த துண்டு தலைகீழாகக் கிடக்கிறது. ஒரு அங்குல இடம், அதற்கு ஒரு பகல் முழுக்கப் போனது. அம்மா பழப்புளி போடாமல் இருந்திருந்தால் அதை நான் கண்டிருக்க மாட்டேன். ஆனாலும் இதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த படத்துக்கு வைக்கிற சிரட்டையையும் மினுக்குவார்.

சிக்கல் ஒரு வெள்ளைக் கோட்டில் வந்தது. பேணியின் இடப்பக்கத்தில், வளைந்த கதவு நிலைக்குள், மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய வெள்ளை. முதல் நாள் ஏதோ சுவர் வெளிச்சம் என்று நினைத்துப் போட்டேன். இரண்டாம் நாளும் இருந்தது, இன்னும் கொஞ்சம் அழுத்திப் போட்டேன். அந்தக் கோடு வந்த பிறகுதான் அந்தப் பக்கம் உருண்டது. மூன்றாம் நாள் அது இல்லை. யன்னல் இருக்கிறது, சிவப்பு வளையம் இருக்கிறது, கோட்டைக் காணவில்லை. வேட்டியை இழுத்துப் பார்த்தேன், கதவை ஆட்டிப் பார்த்தேன், கதிரையை முன்னே பின்னே நகர்த்தினேன். ஒன்றும் சரிவரவில்லை. நான்காம் நாளும் அப்படியே.

அம்மா அந்த இரண்டு நாளும் வீட்டில் இல்லை. திவசம் சொல்ல அக்கா வீட்டுக்குச் சாவகச்சேரி போயிருந்தார். ஐந்தாம் நாள் காலை ஓட்டோவில் வந்து இறங்கி, சீலையைக்கூட மாற்றாமல், வழக்கம் போலக் கதவு நிலைக்குப் பக்கத்துக் கதிரையில் களைத்துப்போய் இருந்தார். பேணிக்குள் வெள்ளைக் கோடு வந்துவிட்டது.

"அம்மா, கொஞ்ச நேரம் அப்பிடியே இருங்கோ."

"ஏன், என்னையே கீறுறாய்?"

"இல்லை. பேணியைக் கீறுறன்."

அவருக்கு விளங்கவில்லை. ஆனால் இருந்தார். சும்மா இருக்கத் தெரியாத மனுசி. கொஞ்ச நேரத்தில் எழும்பிப் போய் முருங்கையிலைக் கொப்பு இரண்டை முறித்துக்கொண்டு வந்து, சுளகை மடியில் வைத்து, மத்தியானக் கறிக்கு இலை ஆயத் தொடங்கினார். வெள்ளைக் கோட்டின் நடுவில் ஒரு சின்னப் பச்சை வந்தது. கடுகளவுகூட இல்லை. லெமன் யெலோவில் நீலம் தொட்டு, ஆகச் சின்னத் தூரிகையின் நுனியால் ஒரு முறை வைத்தேன். பிறகு அந்தப் பக்கம் தொடவில்லை.

இரண்டு மணிக்கு வெயில் தாழ்வாரத்துக்குக் கீழே இறங்கியபோது தூரிகைகளைக் கழுவினேன். அம்மா எழும்பி வந்து படத்துக்குக் கிட்டக் குனிந்து, கண்ணாடியை உயர்த்திப் பிடித்துப் பார்த்தார். முதலில் சிரட்டையைத்தான் பார்த்தார். பிறகு பேணியை.

"எங்கை நான்?"

தூரிகைப் பிடியால் காட்டினேன்.

"இந்தக் கோடோ?"

"ஓம்."

இன்னும் கொஞ்சம் குனிந்தார். மூக்கு வர்ணத்தில் படப்போகிறதே என்று தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"மாம்பழம் நல்லா வந்திருக்கு," என்றார். "பேணியை இனி எடுக்கலாமோ? திரும்பவும் கை பட்டு மங்கிப் போச்சு. திவசத்துக்கு முதல் இன்னொருக்கா மினுக்கோணும்."

எடுக்கச் சொன்னேன். சோக் வட்டத்தை அழிக்கவில்லை.